அண்ணாச்சியின் சம்மதம்

பிரதீப்ராஜ் அண்ணாச்சி கடைசியாக ஸ்டியரிங்கைப் பிடித்தபோது வண்டி ஒரு பால் பூத்துக்குள் புகுந்து நின்றது. அப்போது அவருக்கு வாலிப வயது. லைசென்ஸ் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பூத்துக்காரர் சட்டையைப் பிடித்தார், அப்பா வந்து விலக்கிவிட்டார், அண்ணாச்சி அன்றோடு ஸ்டியரிங்கைத் தலைமுழுகினார். கொஞ்ச வருஷத்தில் உலகமும் தலைமுழுகிவிட்டது. கார்கள் தானாக ஓடக் கற்றுக்கொண்டன. ஸ்டியரிங் போயிற்று, கியர் போயிற்று, காலுக்குக் கீழே இருந்த மிதிகளும் போயின.

போகாமல் நின்றது சட்டம் மட்டும்தான். தெருவில் ஓடும் எந்தக் காருக்கும் இன்ஷூரன்ஸ் வேண்டும். அந்தப் பாலிசியில் லைசென்ஸ் உள்ள ஒரு மனிதரின் பெயர் வேண்டும். வண்டி எங்கேயாவது மோதினால் பிடிப்பதற்கு ஒரு சட்டைக் காலர் வேண்டாமா? மெஷின் சட்டை போடுவதில்லை. ஆகவே அந்த மனிதர் ஒவ்வொரு பயணத்துக்கும் தன் சொந்தக் குரலில் "சம்மதம்" என்று சொன்னால்தான் கார் அசையும். அவர் வண்டிக்குள் இருக்க வேண்டியதில்லை. வீட்டில் சாய்ந்தபடி போனில் சொன்னால் போதும்.

புது லைசென்ஸ் கொடுப்பதும் நின்றுவிட்டது. பரீட்சை வைக்க ஸ்டியரிங் உள்ள கார் வேண்டும். அது மியூசியத்தில் இருந்தது. எனவே பழைய லைசென்ஸ்களையே ஆயுளுக்கும் நீட்டித்து உத்தரவு போட்டார்கள். ஒரு காலத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புரோக்கர் பின்னால் அலைந்த பையன்களெல்லாம் அறுபது வயதில் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆனது இப்படித்தான்.

கோவில்பட்டியில் அப்படி மிஞ்சியிருந்தவர்கள் மொத்தமும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். ஆனால் அவர்களுக்கு லைசென்ஸ்தாரர் நலச் சங்கம் என்று ஒன்று இருந்தது, கொடி இருந்தது, ஆண்டுவிழாவில் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்ளப் பொன்னாடைகள் இருந்தன. கல்யாண வீட்டில் முதல் பந்தி அவர்களுக்கு. பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் 'லை.தா.' என்று போடாவிட்டால் அந்தக் கல்யாணத்துக்குக் கார் வராது. சங்கத் தலைவரான அண்ணாச்சி தன் லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தங்கச் சங்கிலியில் கோத்து, சட்டைக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார். அதில் இருந்த மீசை முளைக்காத பையனை அவருடைய பேரன் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

நாள் முழுக்கச் சம்மதம் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டும். பனங்கற்கண்டு போட்ட பாலைக் குடித்துக்கொண்டே, "இன்னைக்கு மட்டும் மதுரைக்கு ரெண்டு தடவை ஓட்டிட்டேன், முதுகு விட்டுப்போச்சு" என்பார். அவருடைய மனைவி முதுகில் தைலம் தேய்த்துவிடுவாள்.

அந்த அண்ணாச்சியின் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் தாரணி வந்தாள். அவர் தம்பியின் மனைவி. தம்பி காலமானபின், கடலைமிட்டாய் கம்பெனியை ஒற்றை ஆளாக எடுத்து நடத்துகிறவள். வந்தவள் உட்காரவில்லை.

"அத்தான், பிள்ளைக்கு ஒன்பதாம் மாசம் பொறக்கப் போகுது. வளைகாப்பு போட்டுக் கூட்டிட்டு வரணும்."

"எந்தப் பிள்ளை?" என்றார் அண்ணாச்சி. அவருக்குத் தெரியும்.

"எனக்கு இருக்கிறது ஒண்ணுதானே. மகிழினி."

"ஓ. சங்கரன்கோவில்காரியா." அவர் பால் டம்ளரைக் கீழே வைத்தார். "அவ யாரைக் கேட்டு அந்தப் பயலைக் கட்டினா?"

"அவளைக் கேட்டுத்தான் கட்டினா."

"இந்த வாய்தான் தாயி உனக்கு எல்லாத்தையும் கெடுக்குது."

"தலைப்பிரசவம் என் வீட்டுலதான் நடக்கணும் அத்தான். பஸ்ல குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கார்லதான் வரணும், படுத்தாப்பல. நீங்க ஒரு சம்மதம் சொல்லுங்க. வாடகைக் கார் எடுத்துக்கிடுதேன்."

பஸ்களும் தானாகத்தான் ஓடின. அரசாங்க வண்டி என்பதால் அவற்றுக்கு இன்ஷூரன்ஸும் தேவையில்லை, சம்மதமும் தேவையில்லை. குலுங்கல் மட்டும் தாராளமாக உண்டு. இதுவரை மகளைப் பார்க்கத் தாரணி அதில்தான் போய்வந்துகொண்டிருந்தாள்.

அண்ணாச்சியின் போன் கிணுகிணுத்தது. அவர் ஒரு கையை உயர்த்தித் தாரணியை நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயில் மணி அடிப்பது போல, "சம்மதம்" என்றார். பிறகு, "விருதுநகர். ஒத்தையில ஓட்டணும்" என்று பெருமூச்சு விட்டார்.

"அத்தான்?"

"என் லைசென்ஸ் மதுரைக்குப் போகும், திருச்செந்தூருக்குப் போகும். சங்கரன்கோவிலுக்கு மட்டும் போகாது. மத்தவங்ககிட்டயும் கேட்டுப் பாரு. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

சொல்ல வேண்டியதில்லை. தலைவர் மறுத்த ஊருக்குச் சங்கத்தில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். வேறு ஊர்ச் சங்கத்து வண்டியைக் கோவில்பட்டி எல்லைக்குள் விடவும் மாட்டார்கள். தாரணி ஏற்கெனவே எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"அப்ப நான் சொந்தமா கார் வாங்கிக்கிடுதேன்" என்றாள்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. "வாங்கு. தாராளமா வாங்கு. ஓட்டுறதுக்கு யாரு?"

"அதுவே ஓடும்."

"சட்டம் அப்படிச் சொல்லலையே தாயி" என்றார் அண்ணாச்சி, சங்கிலியை நெஞ்சின் நடுவே சரிசெய்தபடி.

*

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் ஜெரால்டு சாதுவான இளைஞர். யாருக்கும் முடியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்குத்தான் கம்பெனி அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தது.

"லைசென்ஸ் இல்லாத ஆள் கார் வச்சுக்கிடலாமா தம்பி?" என்று தாரணி ஆரம்பித்தாள்.

"தாராளமா வச்சுக்கலாம் மேடம். யார் பேர்ல வேணும்னாலும் வாங்கலாம். கைக்குழந்தை பேர்ல வாங்கியிருக்காங்க. பிள்ளையார் பேர்லகூட ஒண்ணு இருக்கு, கோயில் டிரஸ்ட் மூலமா."

"பிள்ளையாருக்கு லைசென்ஸ் இருக்கா?"

"இல்லைங்க. ஓட்டுநர் பேரு உங்க அத்தான்தான்."

"இன்ஷூரன்ஸும் என் பேர்ல எடுக்கலாமா?"

"அதுவும் எடுக்கலாம் மேடம். ஓட்டுநர்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அதுல மட்டும் லைசென்ஸ் உள்ளவர் பேரைப் போட்டாகணும். போடலைன்னா பாலிசி வராது. பாலிசி இல்லைன்னா கார் ஸ்டார்ட் ஆகாது."

"அப்ப எனக்கு லைசென்ஸ் குடுக்கச் சொல்லுங்க. பரீட்சை எழுதுதேன்."

"பரீட்சைக்குக் கார் ஓட்டிக் காட்டணும். ஓட்டிக் காட்டக் கார் வேணும். காருக்கு இன்ஷூரன்ஸ் வேணும். இன்ஷூரன்ஸுக்கு..." ஜெரால்டு தயங்கினார்.

"லைசென்ஸ் வேணும்."

"நீங்களே சொல்லிட்டீங்க மேடம்" என்றார் ஜெரால்டு, நன்றியோடு.

தாரணி எழுந்திருக்கவில்லை. கடலைமிட்டாய்ப் பாகு பதம் வரும்வரை அடுப்பை விட்டு நகராதவள் அவள். இங்கேயும் நகரவில்லை.

"சரி தம்பி. ஒரு கார் ஆளை இடிச்சிட்டுன்னு வச்சுக்கிடுங்க. யாரைப் பிடிப்பீங்க?"

"லைசென்ஸ்தாரரை."

"இதுவரைக்கும் யாரையாவது பிடிச்சிருக்கீங்களா?"

ஜெரால்டு யோசித்தார். "கார்தான் இடிக்கவே மாட்டேங்குதே மேடம். நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து ஒரு கீறல்கூட இல்லை."

"அப்ப, 'நீதான் ஓட்டினியா'ன்னு அவங்க யாரையும் இன்னும் ஒருத்தரும் கேட்டதே இல்லை."

"கேக்க வேண்டிய அவசியம் வரலை."

"காரு அவங்க பேச்சைக் கேக்குமா? போகாதுன்னு அது நினைச்சா?"

"கேக்கும். 'முழுப் பொறுப்பு'ன்னு ஒரு உத்தரவு இருக்கு. லைசென்ஸ்தாரர் அதைச் சொன்னா வண்டி தன் புத்தியை ஒதுக்கி வச்சிட்டு அவர் சொல்றபடி போகும். ஆள் மேல மட்டும் ஏறாது. ஆனா யாரும் அதைச் சொன்னதில்லை. எதுக்குச் சொல்லணும்?"

"அதானே" என்றாள் தாரணி. "எதுக்குச் சொல்லணும்?" அப்போதுதான் எழுந்தாள்.

*

அடுத்த வாரம் அண்ணாச்சி வீட்டுக்கு அவள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். "உங்க பேரையே போட்டுக்கிடுதேன் அத்தான். நமக்குள்ள என்ன? வண்டிப் பூசையை மட்டும் நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும். சங்கத்து ஆட்களும் வரணும். இன்ஷூரன்ஸ் மேனேஜரையும் கூப்பிட்டிருக்கேன்."

"எந்த ஊருக்குப் போகும், எந்த ஊருக்குப் போகாதுன்னு..."

"உங்களுக்குத் தெரியாததா?"

ஒருவர் தோற்றுவிட்டார் என்பதைவிட, தோற்று வந்து தட்டை நீட்டுகிறார் என்பது ஒரு தலைவருக்கு இனிப்பானது. அண்ணாச்சி அன்றைக்கே பேனருக்குச் சொல்லிவிட்டார்.

பூசை, தாரணி வீட்டு முன்னால் பந்தல் போட்டு நடந்தது. பந்தல் வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு பேனர்: இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். தெருவின் எதிர்முனையில் பால் பூத். ஆமாம், அதே பூத்தான். அப்போதைய பூத்துக்காரரின் மகன் இப்போது உள்ளே இருந்தார். அண்ணாச்சியைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையிலிருக்கும் பால் பாக்கெட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பார், வீட்டுப் பழக்கம்.

கார் வெள்ளை நிறம், புத்தம் புது மாடல். ஷோரூம்காரர் அதன் கண்களைப் பற்றித்தான் பெருமையடித்திருந்தார். "பழைய வண்டிங்க சின்னச் சாமானைக் கண்டுக்கிடாது மேடம். இது தரையில ஒரு பல்லி போனாலும் நின்னு வழி விடும்." தாரணி அதைக் கேட்டு, வேறு கலர் எதையும் பார்க்காமல் உடனே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

சூடம் காட்டினார்கள். சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைந்தது. தாரணி குனிந்து சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழங்களை வைத்தாள். விண்வெளிக்குப் போகிற வண்டியானாலும் நம் ஊரில் புறப்படுமுன் எலுமிச்சம்பழம் நசுக்கியாக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்ணாச்சி மைக்கில் முழங்கினார். "சம்மதம்!"

கார் அசையவில்லை. "முன்னால் தடை உள்ளது" என்றது, மரியாதையான பெண் குரலில்.

"சம்மதம்!"

"முன்னால் தடை உள்ளது."

கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன அண்ணாச்சி, வண்டி மரியாதை தர மாட்டேங்குது?" சிரிப்பு பரவியது. சங்கத்து ஆட்கள் பொன்னாடைகளை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருவர் பழத்தை எடுத்துவிடலாம் என்றார். "சகுனத்துக்கு ஆகாது" என்று இன்னொருவர் தடுத்தார்.

தாரணி அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மைக்கில் விழும்படியாகவே கேட்டாள். "அத்தான், லைசென்ஸ் உங்ககிட்டதானே இருக்கு? ஓட்டத் தெரிஞ்சவங்க நீங்க. எலுமிச்சம்பழத்துக்கு என்ன தெரியும்? முழுப் பொறுப்புன்னு சொன்னா கேக்குமாம்லா?"

அண்ணாச்சி எழுந்து நின்றார். சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டார். "முழுப் பொறுப்பு!" என்றார்.

கார் விளக்கை ஒரு முறை சிமிட்டியது. அதன் பிறப்பில் அதற்கு யாரும் அப்படி ஒன்று சொன்னதில்லை. "ஓட்டுநர் பிரதீப்ராஜ், ஆட்களைத் தவிர முன்னால் உள்ள தடைகள் எதையும் பொருட்படுத்த வேண்டாமா?"

"வேண்டாம்! போ!"

கார் போனது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, கூட்டம் கைதட்டியது. கார் அதோடு நிற்கவில்லை. கூடை நிறைய இருந்த தேங்காயைப் பொருட்படுத்தவில்லை. வாடகைப் பாத்திரங்களைப் பொருட்படுத்தவில்லை. ஆட்களைக் கண்டால் மட்டும் நாசூக்காக ஒதுங்கி, ஹாரன் அடித்து, "வழி விடுங்கள், நன்றி" என்று சொல்லிக்கொண்டு நடை வேகத்தில் நகர்ந்தது. பந்தல் காலைச் சாய்த்தது. அண்ணாச்சியின் பேனர் ஒரு முறை முன்னும் பின்னும் ஆடி, சிரித்த முகத்தோடு ஜெரால்டின் மேல் கவிழ்ந்தது.

"பிரேக்! பிரேக்கைப் போடு!" என்று அண்ணாச்சி மைக்கில் அலறினார்.

"இந்த வண்டியில் பிரேக் மிதி இல்லை" என்றது கார். பால் பூத்தின் முன்பலகையை மெதுவாக, கிட்டத்தட்டப் பாசத்தோடு உள்ளே தள்ளியது.

தாரணி பேனருக்கு அடியில் கிடந்த ஜெரால்டைப் பார்த்தாள். இது அவள் எதிர்பார்த்ததில் இல்லை. காரைப் பார்த்துத் திரும்பி, "நில்லு!" என்று கத்தினாள்.

கார் நின்றது. நிறுத்துவதற்கு லைசென்ஸ் தேவையில்லை. யார் சொன்னாலும் நிற்கும்படிதான் எல்லாக் கார்களையும் செய்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அதைச் சொல்லிப் பார்க்கும் தேவை ஒருவருக்கும் வந்ததில்லை.

பால் பூத்துக்காரர் நனைந்த சட்டையோடு வெளியே வந்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். "திரும்பவும் நீங்களா?" என்றார்.

*

ஜெரால்டின் கால் கட்டைவிரல் எலும்பில் விரிசல். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் தாரணி ஒரு பெரிய பொட்டலம் கடலைமிட்டாயை வைத்தாள்.

"உங்க காலை நான் எதிர்பார்க்கலை தம்பி."

ஜெரால்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்ப மத்ததை எல்லாம் எதிர்பார்த்தீங்களா மேடம்?"

"ஒரு பந்தக்கால் சாய்ஞ்சா போதும்னு நினைச்சேன். என் தப்புதான். ஒரு நிமிஷம் முந்தியே நில்லுன்னு சொல்லியிருக்கணும். அத்தான் அலறுறதைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கி, மறுபடி நிமிர்ந்தது. "பூத்தை நான் கட்டிக் குடுத்திருதேன். பந்தல்காரருக்கும் பேசியாச்சு. உங்க ஆஸ்பத்திரிச் செலவும் என்னைச் சேந்தது. கம்பெனிகிட்ட எனக்கு ஒரு பைசா வேண்டாம். ஆனா ஆளுக்கு அடிபட்டா நீங்க விசாரிச்சே ஆகணும்லா? அதை மட்டும் செய்யுங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க."

ஜெரால்டு ஒரு கடலைமிட்டாயைக் கடித்தார். வெகு நேரம் மென்றார். பிறகு போனை எடுத்து அண்ணாச்சியை வரச் சொன்னார்.

அண்ணாச்சி பொன்னாடை இல்லாமல் வந்தார். தாரணி அங்கே இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பாலிசி அவள் பெயரில் இருந்ததால் போகச் சொல்லவும் முடியவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு வண்டியை ஓட்டினது யாரு?" என்றார் ஜெரால்டு.

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். "நான்னு சொன்னா?"

"கவனமில்லாம ஓட்டி ஆளைக் காயப்படுத்தினதா கேஸ் வரும். கோர்ட்டுக்கு நடக்கணும். லைசென்ஸை வாங்கி வச்சுக்குவாங்க. அடிபட்டது நான்தான், அதனால சாட்சிக்கு அலைய வேண்டியதில்லை."

"நான் இல்லைன்னு சொன்னா?"

"நீங்க இல்லைன்னு மேலிடத்துக்கு எழுதிருவேன்."

சட்டைக்கு வெளியே தொங்கிய லைசென்ஸை அண்ணாச்சியின் விரல்கள் தாமாகவே எடுத்துச் சட்டைக்குள் போட்டன.

"நான் எங்க தம்பி ஓட்டினேன்? மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஊரே பாத்துச்சு. வண்டி அதுவாத்தான் போச்சு."

"நீங்க போன்னு சொன்னீங்க."

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே."

"மதுரைக்கு ரெண்டு தடவை ஓட்டினேன்னு சொல்லுவீங்களே?"

"அதுவும் ஒரு பேச்சுக்குத்தான்."

"அப்ப தினமும் இத்தனை சம்மதம் சொல்றீங்களே அண்ணாச்சி, அது?"

அண்ணாச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது... ஒரு ஆசீர்வாதம் மாதிரி தம்பி. நல்லபடியா போயிட்டு வாங்கன்னு பெரியவங்க சொல்றதில்லையா, அது மாதிரி."

தாரணி அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது திறந்தாள்.

"ஆசீர்வாதத்துக்கு எதுக்கு அத்தான் லைசென்ஸு?"

ஜெரால்டு பேனா மூடியைத் திறந்தார்.

ஜெரால்டு எழுதி அனுப்பியதைப் படித்த மேலிடம் முதலில் பதறியது. மற்ற ஊர்ச் சங்கத் தலைவர்களையும் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு வண்டி மோதினால் ஓட்டியது நீங்கள்தான் என்று ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டது. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத அந்தச் சங்கங்கள் இதில் ஒரே குரலில் பேசின. நாங்கள் எங்கே ஓட்டினோம்? வண்டி அதுவாகத்தான் ஓடுகிறது.

பதற்றம் தெளிந்ததும் மேலிடத்துக்கு இன்னொன்று உறைத்தது. லைசென்ஸ்தாரர் தேவையில்லை என்றால், கார் வாங்க ஆசைப்படும் ஒவ்வொருவருக்கும் பாலிசி விற்கலாம். நீதிக்காக அசையாத கோப்பு வியாபாரத்துக்காக ஓடியது. மாசம் பிறக்குமுன் புது வகைப் பாலிசி வந்துவிட்டது: ஓட்டுநர் கிடையாது, முழுப் பொறுப்பும் உரிமையாளருடையது.

"நல்லா யோசிச்சுக்கோங்க மேடம்" என்றார் ஜெரால்டு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு. "வண்டி ஏதாவது பண்ணினா உங்களைத்தான் பிடிப்போம். நான் ஓட்டலைன்னு சொல்ல முடியாது."

"பிடிங்க" என்றாள் தாரணி. கையெழுத்துப் போட்டாள்.

அண்ணாச்சியின் போன் மெல்ல மெல்ல ஓய்ந்தது. தொண்டைக் கட்டு குணமாகிவிட்டது. டி.வி.யில் யாராவது யாரையாவது எதையாவது கேட்டால் இவர் அசந்துபோய் "சம்மதம்" என்று சொல்லிவிடுவதாக அவர் மனைவி தாரணியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்கு ஒரு கார் வாங்கணும்னா என்ன செய்யணும்?" என்றும் கேட்டாள்.

*

சங்கரன்கோவிலுக்குத் தாரணி காலையிலேயே போய்விட்டாள். வழிநெடுகக் கார் சொகுசாக ஓடியது. அவள் ஒரு நொடிகூடக் கண் மூடவில்லை. கழுகுமலை தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தபோது, கார் தானாகவே வேகம் குறைத்த பின்னும், இரண்டு கையாலும் எதிரே இருந்த பலகையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இனி அந்த ஆடும் அவள் பொறுப்பு.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஐந்து வகைச் சோறும், கை நிறைய வளையலுமாக மகிழினி சிவந்துபோயிருந்தாள். மாப்பிள்ளை ஆதிரன், சோலார் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன், காலையிலிருந்து காரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். தாரணி பின் இருக்கையை மடக்கி மெத்தை விரித்தாள். தலையணை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், வாந்தி வந்தால் இருக்கட்டும் என்று பாலிதீன் பை வைத்தாள்.

மகிழினி ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தாள். தாரணி முன்னால் ஏறினாள்.

"முன்னால் தடை உள்ளது" என்றது கார். "பொறுப்பாளர் தாரணி முடிவு செய்யவும்."

ஜன்னல் வழியே பார்த்தால், ஆதிரன் பெருமையோடு நின்றுகொண்டிருந்தான். "புது வண்டி முதல் தடவையா வீட்டுக்கு வந்திருக்குல்லா அத்தை? நாலு பழம் வச்சிருக்கேன்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போது அந்த வார்த்தை அவளுடையது.

தாரணி கதவைத் திறந்து இறங்கினாள். முட்டி வலிக்க ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குனிந்தாள். நாலு பழத்தையும் பொறுக்கி முந்தானையில் துடைத்தாள். "நசுக்கினா யாருக்கு லாபம்? மோந்து பாரு, குமட்டலுக்கு நல்லது" என்று மகள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி முன்னால் ஏறினாள்.

மகிழினி பழத்தை முகர்ந்தாள். "அம்மா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நான் இங்கயே பெத்துக்கிடுதேன்மா. முதல் மாசத்துலேருந்து பாக்குற டாக்டர் இங்கதான் இருக்காங்க. அவங்க கையைப் பிடிச்சாதான் எனக்குப் பயம் போகுது."

தாரணிக்கு உடனே புரியவில்லை. "இதை ஏன்டி முன்னாலயே சொல்லலை? இந்தக் காருக்காக நான் எம்புட்டு..."

"நீங்க கூட்டிட்டு வரணும், கூட்டிட்டு வரணும்னுதானே சொன்னீங்க. நான் ஒவ்வொரு தடவையும், 'நீங்க வாங்கம்மா'ன்னு சொன்னேன். பெரியப்பா வேண்டாம்னார், நீங்க வேணும்னீங்க. வர்றியான்னு என்னை யாரும் கேக்கலையே."

ஆதிரன் நகர்ந்து போய், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

தாரணி நெடுஞ்சாலையில் ஆட்டைக் கண்டபோது செய்தது போல எதிரே இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டாள். தலைப்பிரசவம் என் வீட்டில்தான் என்று அண்ணாச்சி முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்கு ஒரு சங்கிலி இருந்தது. இவளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

பலகையை விட்டுவிட்டு, "உங்க வீட்டுல எனக்குப் படுக்க இடம் இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா."

"கம்பெனியை நாலு வாரம் அங்க வேலை பாக்குற பிள்ளைங்க பாத்துக்கிடும்."

மகிழினி சிரித்தாள். வளையல்கள் குலுங்கின. "வந்தது வந்துட்டீங்க, மெத்தையும் விரிச்சாச்சு. கொஞ்ச தூரம் ஒரு சுத்து சுத்திட்டு வருவோமா? கார்ல ஏறி எவ்வளவு நாளாச்சு."

கார் அதுவரை பொறுமையாகக் காத்திருந்தது. தடைகள் நீங்கிவிட்டதைப் பார்த்து, "பொறுப்பாளர் தாரணி, எங்கே செல்ல வேண்டும்?" என்று கேட்டது.

தாரணி வாயைத் திறந்தாள். நாக்கின் நுனியில் ஒரு ஊரின் பெயர் தயாராக இருந்தது. அதை விழுங்கினாள்.

"அவகிட்டக் கேளு" என்றாள்.